இழுக்கலாமா என்று கேட்டிருந்தேன்

“வாடிக்கையாளரின் எழுத்துப்பூர்வமான கேள்விக்கு மூன்று வேலை நாட்களுக்குள் எழுத்துப்பூர்வமான பதில் அளிக்கப்படும்.” எங்கள் காரை விற்ற நிறுவனத்தின் வரவேற்பறையில், பேரீச்சம்பழத் தட்டுக்கு மேலே, இந்த வாசகம் கண்ணாடிச் சட்டத்துக்குள் தொங்கியது. ‘இயன்றவரை’, ‘பொதுவாக’, ‘சூழ்நிலையைப் பொறுத்து’ என்ற பின்கதவு எதுவும் அதில் இல்லை. நடைமுறைகளை எழுதியே சாப்பிட்டவன் நான். நன்றாகத்தான் எழுதியிருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன். எழுதியவரும் பதில் அனுப்ப வேண்டியவரும் ஒரே ஆளாக இருக்க வேண்டியதில்லை என்பது எனக்குத் தெரியாததல்ல. ஓய்வு பெற்றவனுக்கு இப்படி ஒரு மறதி வந்துவிடுகிறது.

நான் கேட்டது ஒரே கேள்வி. எங்களிடம் இருக்கும் சிறிய கார், எங்களிடம் இருக்கும் சிறிய கேம்பிங் டிரெய்லரை இழுக்கலாமா? காருடன் வந்த கையேட்டில் இதற்கென்று ஒரு பக்கம் உண்டு. காருக்கென நிர்ணயித்த இழுவைத் திறனை டிரெய்லரின் மொத்த எடை எந்நிலையிலும் மிஞ்சக் கூடாது என்று அந்தப் பக்கம் கண்டிப்பாகச் சொல்கிறது. அந்தத் திறன் எவ்வளவு என்ற இடம் வரும்போது, ‘உங்கள் விற்பனையாளரைக் கலந்தாலோசிக்கவும்’ என்று முடித்துக்கொள்கிறது. இதே காரை ஆஸ்திரேலியாவில் வாங்கியவர்களின் கையேட்டில் அந்த இடத்தில் ஓர் எண் இருக்கிறது. இணையத்தில் எடுத்துப் பார்த்தேன். வளைகுடாவுக்கு அனுப்பும்போது எண்ணை எடுத்துவிட்டு ஆலோசனையை வைத்திருக்கிறார்கள். வெயில் காரணமாக இருக்கலாம். இங்கே வெயிலை எதற்கும் காரணம் காட்டலாம்.

டிரெய்லர் என்றால் பெரிதாக நினைக்க வேண்டாம். இரண்டு பேர் படுக்கும் ஒரு தகரப் பெட்டி, இரண்டு சக்கரம், பின்பக்கக் கதவைத் தூக்கினால் ஒரு அடுப்பு மேடை. ருவைஸ் எண்ணெய் ஆலையில் என்னோடு வேலை பார்த்த தென்னாப்பிரிக்கர் ஒருவர் ஊருக்குப் புறப்பட்டபோது அவரிடம் வாங்கியது. வாங்கியது என் மனைவி. நான் பக்கத்தில் நின்று அதன் டயர்களின் தயாரிப்பு வாரத்தைப் படித்துக்கொண்டிருந்தேன். நான் நிமிர்வதற்குள் அவள் கைகுலுக்கிவிட்டாள்.

அவளுக்கு அதில் ஒரு கணக்கு இருந்தது. வளைகுடாவில் குளிர்காலம் வந்தால் எல்லோரும் கூடாரத்தைத் தூக்கிக்கொண்டு மணலுக்கும் கடற்கரைக்கும் போவார்கள். ஆலைகளை நிறுத்திப் பழுது பார்ப்பதும் அதே குளிர்காலத்தில்தான். அதற்குப் பெயர் ஷட்டவுன். ருவைஸில் இருந்த அத்தனை வருடமும் ஊருக்கே அது கேம்பிங் காலம், எனக்கு ஷட்டவுன் காலம். வீட்டில் இருக்கும் இரவுகளிலும் போன் தலையணைக்குப் பக்கத்தில் இருக்கும். கிரேன் ஒன்று தூக்க வேண்டியதைத் தூக்காமல் நின்றால், அதற்கான நடைமுறையின் எத்தனையாவது பிரிவு இப்போது செல்லும் என்று கேட்க யாராவது கூப்பிடுவார்கள். அவளும் விழித்துக்கொள்வாள். சமையலறை ஜன்னல் வழியாக, ஆலையில் மிச்ச வாயுவை எரிக்கும் கோபுரத்தின் தீச்சுடரைப் பார்ப்பாள். சுடர் வழக்கத்தைவிடப் பெரிதாக எரிந்தால், போன் வருமுன்பே என் சட்டையை எடுத்து நாற்காலியில் போட்டுவிடுவாள்.

“ஒரு ராத்திரி,” என்றாள், டிரெய்லர் வந்த அன்று. “ஒங்களுக்குப் போன் வராத ஒரு ராத்திரி, கடலுக்குப் பக்கத்துல. அவ்வளவுதான் கேக்கேன்.”

அது நவம்பர். நாங்கள் அப்போது அபுதாபிக்கு வெளியே, முசஃபா பக்கம், மகளோடு இருந்தோம். எங்கள் இருவரின் விசாவும் மகளின் வேலையில் தொங்கிக்கொண்டிருந்தது. மகளுக்குக் கனடாவில் வேலை கிடைத்துவிட்டது. கோடையில் அவள் புறப்பட்டதும் எங்கள் விசா ரத்தாகும், நாங்கள் திருநெல்வேலியில் வாங்கிப் பூட்டிவைத்திருக்கும் அடுக்குமாடி வீட்டுக்குப் போவோம். ஆக, மிச்சமிருந்தது ஒரே ஒரு குளிர்காலம். மார்ச் கடைசியில் தகரப் பெட்டிக்குள் மனிதர் படுக்க முடியாது. நவம்பருக்கும் மார்ச்சுக்கும் நடுவில் எனக்கு ஒரு இழுக்கும் வண்டி வேண்டும்.

மூன்று வேலை நாள் கழித்துப் பதில் வந்தால் முதல் வாரத்திலேயே முடிந்துபோகும் விஷயம். மூன்று வேலை நாளில், என் கேள்வியைப் பதிவு செய்துகொண்டதற்கு ஒரு டிக்கெட் எண் வந்தது. உங்கள் கேள்வி எங்களுக்கு மிக முக்கியம் என்று அது சொன்னது.

பதில் வரும்வரை சும்மா இருக்கக் கூடாது என்று எடையைச் சரிபார்க்கும் வேலையைத் தொடங்கினேன். டிரெய்லரின் உடம்பில் எடைத் தகடு உண்டு. ஆனால் தென்னாப்பிரிக்கர் அதில் இரண்டாவது பேட்டரியும் ஒரு இரும்பு அலமாரியும் சேர்த்திருந்தார். மாற்றம் செய்த பொருளின் தகட்டை நம்பக் கூடாது, மறுபடி எடை போட வேண்டும். இது நானே பலமுறை எழுதிய வாக்கியம். எடை மேடை முசஃபா தொழிற்பேட்டையில் இருக்கிறது. டிரெய்லரை அங்கே கொண்டுபோக இழுக்கும் வண்டி வேண்டும். எந்த வண்டி இழுக்கலாம் என்று முடிவு செய்ய டிரெய்லரின் எடை வேண்டும். ஒரு சாயங்காலம் முழுவதும் இந்த வட்டத்தைக் காகிதத்தில் வரைந்துவைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மனைவி டீ கொண்டுவந்து வைத்துவிட்டுப் பார்த்தாள்.

“என்ன, கோலமா?” என்றாள்.

பெட்டியை எடை போட முடியாவிட்டால் உள்ளே ஏற்றும் சாமான்களையாவது போடலாம். அதற்கான கருவி வளைகுடாவில் இருக்கும் எல்லாத் தமிழர் வீட்டிலும் உண்டு. விமானத்துக்குப் பெட்டி கட்டும்போது கொக்கியில் மாட்டித் தூக்கிப் பார்க்கும் கைத்தராசு. முப்பது கிலோவுக்கு ஒரு சொட்டு மிஞ்சாமல் கட்டிப் பழகிய குடும்பம் எங்களுடையது. நான் ஒவ்வொன்றாக மாட்டினேன்: மடக்கு நாற்காலி, போர்வை, அடுப்பு, குக்கர், அரிசி. தண்ணீர்தான் பெரிய எதிரி. எழுதிக்கொண்டே வந்து, ஒரு மணி நேரம் கழித்து மறுபடி உள்ளே போய்ப் பார்த்தால், நான் எழுதாத ஒரு இட்லிக் கொப்பரை கட்டிலுக்கு அடியில் துணி சுற்றி இருக்கும்.

“இது பட்டியல்ல இல்லயே.”

“அது ஹேண்ட் லக்கேஜ்.”

முப்பது வருடம் விமான நிலையக் கவுண்டரில் சிரித்த முகத்தோடு நின்று, தோள்பையில் அம்மிக்குழவி அளவு பலகாரம் வைத்துக்கொண்டு, காகிதம்போல் தூக்கிக் காட்டியவள் அவள். அவளிடம் கைத்தராசு செல்லாது.

டிசம்பர் வந்தது. நேரில் போனால் என்ன என்று ஷோரூமுக்குப் போனேன். விற்பனை மேசையில் இருந்த பையன் என் பெயரைப் படித்ததும் முகம் மலர்ந்தான்.

“சார் தமிழா சார்? சொல்லுங்க சார், என்ன பிராப்ளம்?”

கேள்வியைச் சொன்னேன். அவன் சிரித்தே விட்டான்.

“இதுக்கா சார்? இழுக்கும் சார். சும்மா பட்டையக் கெளப்பும். எங்க கஸ்டமர் ஒருத்தர் இதுல மோட்டார் போட்டையே இழுக்கறாரு.”

“ரொம்ப சந்தோஷம். அதையே ஒரு வரி எழுதிக் கொடுத்துடுங்க. முத்திரை வேண்டாம், கையெழுத்து போதும்.”

அவன் நாற்காலி கொஞ்சம் பின்னால் போனது.

“எழுதறதா? சார், அது சர்வீஸ் சைடு சார். நான் சேல்ஸ்.”

சர்வீஸ் பிரிவில் இருந்தவர் அது உத்தரவாதப் பிரிவின் விஷயம் என்றார். உத்தரவாதப் பிரிவு துபாயில் இருந்தது. துபாயைக் கூப்பிட்டால் என் டிக்கெட் எண்ணைக் கேட்டார்கள். சொன்னேன். “உங்கள் டிக்கெட் திறந்திருக்கிறது சார்,” என்று போனை எடுத்த பெண் மிகவும் நம்பிக்கையூட்டும் குரலில் சொன்னாள். எனக்கு இதில் கோபம் வரவில்லை. நானே இப்படிப்பட்ட டிக்கெட்டுகளைத் திறந்து வைத்திருந்தவன்தான். மூடிய டிக்கெட்டுக்குத்தான் யாராவது பொறுப்பு, திறந்த டிக்கெட்டுக்குக் காலம் மட்டுமே பொறுப்பு.

காரே வேண்டாம், வேறு வண்டி பார்க்கலாம் என்று ஒரு பிக்கப் பார்த்தோம். இழுவைத் திறன் கதவிலேயே எழுதியிருந்தது, டிரெய்லரைப்போல் மூன்றை இழுக்கும். மனைவியின் முழங்கால் அந்த உயரத்துக்கு ஏறாது. படி வைத்தால் ஏறலாம் என்று விற்பவர் ஒரு பிளாஸ்டிக் முக்காலியைக் கொண்டுவந்து போட்டார். அவள் அதன்மேல் நின்று, ஒரு கையால் கதவையும் ஒரு கையால் என் தலையையும் பிடித்துக்கொண்டு, கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு இறங்கினாள். “எறங்கத் தெரியாம உள்ளேயே குடியிருக்க வேண்டியதுதான்,” என்றாள். அடுத்து ஏழு பேர் உட்காரும் பழைய பெரிய வண்டி ஒன்று. ஓடிய தூரத்தைக் காட்டும் எண் பாதியில் மனம் திருந்தி இளமைக்குத் திரும்பியிருந்ததாக எனக்குச் சந்தேகம். ஐந்து மாதத்தில் ஊருக்குப் போகப்போகிறவன் எந்த வண்டியை வாங்கினாலும் அதை விற்க வேறு ஒரு நடைமுறை வேண்டும்.

மகள் அலுவலகத்திலிருந்து வந்து காலணியைக் கழற்றாமலேயே சொன்னாள். “அப்பா, ஜஸ்ட் ரென்ட் எ பிக்கப். டூ டேஸ். யூ ஆர் ஓவர்திங்கிங் திஸ்.”

வாடகை ஒப்பந்தத்தை எடுத்துக் காட்டினேன். வாடகை வண்டியால் எதையும் இழுக்கக் கூடாது என்று அதில் தடித்த எழுத்தில் இருந்தது.

“யாருமே அதைப் படிக்க மாட்டாங்கப்பா.”

“நான் படிச்சுட்டேனே.”

படித்துவிட்டால் பிறகு படிக்காதவனாக ஆக முடியாது. இதை மகளுக்குப் புரியவைக்க நான் முயலவில்லை. அவளுக்கு அன்று வேறு களைப்பு இருந்தது.

முசஃபாவில் கார் உதிரிச் சாமான் கடை வைத்திருக்கும் காயல்பட்டினத்துக்காரர் ஒருவர் எனக்கு நெடுநாள் பழக்கம். எங்கள் பக்கத்து ஊர் என்பதால் என்னை அண்ணாச்சி என்பார், என் மனைவியை அக்கா என்ற பொருளில் லாத்தா என்பார். காரின் பின்னால் டிரெய்லரை மாட்டும் கொக்கி பற்றி விசாரிக்க அவரிடம் போனேன். மனைவியும் வந்திருந்தாள்.

“ஹூக்குதானே அண்ணாச்சி? அஸர் தொழுகைக்கு அப்புறம் வாங்க, மஃரிபு தொழுகைக்குள்ள மாட்டித் தாரேன்.”

“மாட்டலாம்னு கம்பெனி எழுத்துல தரணும்.”

“கம்பெனியா ஹூக்க மாட்டுது? நாமதானே மாட்டுதோம்.”

“நாளைக்கு ரோட்டுல ஏதாவது ஆயிட்டா இன்ஷூரன்ஸ்காரன் அந்தக் கடுதாசியைத்தான் கேப்பான்.”

அவர் என் மனைவியைப் பார்த்தார். “லாத்தா, வீட்டுலயும் இப்படித்தானா?”

“வீட்டுல தண்ணி குடிக்கணும்னாலும் பர்மிட்டு போடணும்,” என்றாள் அவள்.

கடையில் இருந்த எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆனால் இன்ஷூரன்ஸ் பற்றி நான் சொன்னதை யாரும் மறுக்கவில்லை. நான் சொன்னது சரி என்பதுதான் அந்தக் குளிர்காலம் முழுக்க என்னைக் களைப்படைய வைத்தது. தவறாக இருந்திருந்தால் விட்டுவிட்டிருக்கலாம்.

இதற்கிடையே டிரெய்லர் வீட்டுக்குப் பக்கத்து வெற்று மனையில் நின்றுகொண்டிருந்தது. இங்கே ஒரு வண்டி நகராமல் நின்று தூசி படிந்துவிட்டால், கைவிடப்பட்டது என்று எச்சரிக்கை ஸ்டிக்கர் ஒட்டுவார்கள். பிறகு எடுத்துப் போய்விடுவார்கள். நியாயமான விதி. தூசிதான் அதில் சாட்சி என்பதால், மனைவி தினமும் காலையில் ஒரு வாளித் தண்ணீரும் பழைய லுங்கியும் எடுத்துக்கொண்டு போய் அதைத் துடைப்பாள். நான் ஜன்னலில் நின்று பார்ப்பேன். முதலில் நான்கு பக்கமும் துடைத்தாள். ஜனவரி நடுவில் தெருவைப் பார்த்த பக்கத்தை மட்டும் துடைத்தாள். பிப்ரவரியில் ஒருநாள் வாளியைக் கொண்டுபோய் வைத்துவிட்டு, துடைக்காமல் அதன் படியில் உட்கார்ந்திருந்தாள்.

நான் இறங்கிப் போனேன்.

“மூணாவது நினைவூட்டல் அனுப்பியிருக்கேன்,” என்றேன். “மேலதிகாரிக்கும் ஒரு நகல் போட்டிருக்கேன்.”

“அவங்க வேணாம்னு சொல்லிட்டா?”

“சொன்னா வேற வண்டி பாக்கணும்.”

“சரின்னு சொன்னா?”

“கொக்கி மாட்டணும். அதைச் சோதிச்சு வாங்கணும். அப்புறம் போலாம்.”

அவள் தெருவைப் பார்த்தாள். “ஷட்டவுன் முடியட்டும் போலாம்னு சொல்லுவிய, ஞாபகம் இருக்கா?” என்றாள். “அதே கொரல்லதான் சொல்லுதிய.”

நானும் படியில் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். எங்கள் தெரு முசஃபா பட்டறைகளுக்குப் போகும் வழி. பழுதான கார்களை முதுகில் ஏற்றிக்கொண்டு ரெக்கவரி வண்டிகள் போய்க்கொண்டே இருக்கும். இங்கே வண்டி வைத்திருக்கும் எவரும் ஒருமுறையாவது அதைக் கூப்பிட்டிருப்பார்கள். பலகைபோன்ற பின்பகுதியைச் சாய்த்து, கம்பிவடத்தை மாட்டிச் சுருட்டி, காரை மேலே ஏற்றி, கட்டிக்கொண்டு போய்விடுவார்கள். அன்றும் ஒன்று போனது. அதன்மேல் காருக்குப் பதிலாக ஒரு மீன்பிடிப் படகு இருந்தது.

அவள் எழுந்து நின்றுவிட்டாள்.

“அவன் ஒண்ணையும் இழுக்கலயே,” என்றாள். “தூக்கியில்லா மேல வச்சிருக்கான்.”

எனக்கு உடனே தோன்றியது, இதற்கு என்ன ஆட்சேபணை என்பதுதான். யோசித்தேன். பழுதில்லாத பொருளை ரெக்கவரியில் ஏற்றக் கூடாது என்று ஒரு விதியும் நினைவுக்கு வரவில்லை. உள்ளே போய்த் தேடினேன், அகப்படவில்லை. ரெக்கவரியின் சுமைத் திறனுக்கு இந்தத் தகரப் பெட்டி ஒரு பொருட்டில்லை. இன்ஷூரன்ஸ் அவனுடையது. ஏற்றி இறக்குவது அவன் தொழில். கொக்கி வேண்டாம், எழுத்து வேண்டாம். ருவைஸில் வீட்டைவிடப் பெரிய கொதிகலன்களைத் தட்டை லாரிகளில் ஏற்றி அனுப்ப நான் எழுதிய நடைமுறைகள் அலமாரி நிறைய இருந்தன. ஆனால் நவம்பரில் என் முதல் கடிதத்தின் பொருள் வரியில் ‘டிரெய்லர் இழுத்தல்’ என்று போட்டுவிட்டேன். அதற்குப் பிறகு பொருள் வரிக்கு வெளியே யோசிக்கும் அதிகாரம் எனக்கு இருப்பதாக நான் நினைக்கவில்லை. எங்கள் துறையில் வளர்ந்தவர்களுக்கே வரும் வியாதி இது. கேள்வி பதிவாகிவிட்டால் மனிதன் அதற்குக் கீழே வேலை செய்யத் தொடங்கிவிடுவான்.

அவள் அதற்குள் காயல்பட்டினத்துக்காரருக்குப் போன் போட்டிருந்தாள்.

வியாழக்கிழமை மத்தியானம் ரெக்கவரி வந்தது. ஓட்டி வந்தவர் தாடி வெளுத்த பட்டாணியர். டிரெய்லரை ஒரு சுற்றுச் சுற்றினார். டயரை உதைத்தார்.

“பாபுஜி, இதர் க்யா கராப் ஹை?” என்ன பழுது என்கிறார்.

“குச் கராப் நஹி. சப் டீக் ஹை.”

“டீக் ஹை? தோ ரெக்கவரி க்யூங்?”

எல்லாம் சரியாக இருந்தால் ரெக்கவரி எதற்கு என்கிறார். நியாயமான கேள்வி. நான்கு மாதக் கடிதப் போக்குவரத்தை என் இந்தியில் சுருக்கிச் சொல்ல முடியாது. “மேடம் கோ சமுந்தர் தேக்னா ஹை,” என்றேன். மேடத்துக்குக் கடல் பார்க்க வேண்டும்.

அவர் மேடத்தைப் பார்த்தார். மேடம் அந்த நேரம் ஒரு முழுத் தண்ணீர்ப் பெட்டியையும், அதன்மேல் இன்னொன்றையும், அதன்மேல் இட்லிக் கொப்பரையையும் டிரெய்லருக்குள் தள்ளிக்கொண்டிருந்தாள். நான் பழக்கதோஷத்தில் கைத்தராசை நீட்டினேன்.

“இன்னைக்கு வெயிட்டு கெடையாது,” என்றாள். “அத உள்ள வச்சுட்டு வாங்க.”

“யல்லா, மாஜி,” என்றார் பட்டாணியர். கிளம்பலாம், அம்மா என்கிறார்.

மேற்கே போகும் நெடுஞ்சாலையில் ரெக்கவரிக்குப் பின்னால் எங்கள் சின்னக் கார் போயிற்று. எதையும் இழுக்காமல், மிகவும் கண்ணியமாகப் போயிற்று. முன்னால் அந்தத் தகரப் பெட்டி உயரத்தில் கட்டப்பட்டு, ஊர்வலத்தில் போகிற மாதிரி லேசாக ஆடிக்கொண்டிருந்தது. முந்திப் போனவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்து, விபத்து என்று நினைத்து, எங்களுக்கு அனுதாபம் காட்டினார்கள்.

மிர்ஃபா என்ற கடலோர ஊரைத் தாண்டி ஒரு கிளைச்சாலையில் இறங்கினோம். பட்டாணியர் மணலுக்குள் வர மறுத்துவிட்டார். என் ரெக்கவரி மாட்டினால் அதற்கு எந்த ரெக்கவரி என்பது அவர் வாதம். ஆகவே கெட்டிச் சரளைத் தரை முடிகிற இடத்தில், சாலைக்குக் கொஞ்சம் தள்ளி, கடல் தெரிகிற தூரத்தில் டிரெய்லரை இறக்கினார். அழகான இடம் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். ஒரு பக்கம் மின்கம்பங்கள், ஒரு பக்கம் உப்புப் பூத்த தரை, யாரோ விட்டுப்போன ஒரு ரப்பர் செருப்பு. நாளை மத்தியானம் வந்து எடுத்துக்கொள்வதாக, இன்ஷா அல்லாஹ், சொல்லிவிட்டுப் போனார். சக்கரங்களுக்குக் கல் வைத்தேன். ஜாக்கிகளை இறக்கி மட்டம் பார்த்தேன். அதை அவள் தடுக்கவில்லை.

வெயில் தாழ்ந்ததும் இரண்டு நாற்காலியையும் கடலைப் பார்த்துப் போட்டாள். ரவை உப்புமா. காப்பி. காற்று நன்றாகக் குளிர்ந்திருந்தது. சூரியன் விழுந்த பக்கத்தில், தொலைவில், ருவைஸ் ஆலைகளின் சுடர் ஒரு தீக்குச்சி அளவுக்குத் தெரிந்தது. அது தெரியும் என்று நான் கணக்குப் போட்டிருக்கவில்லை. அவள் போட்டிருந்தாளா என்று இன்றுவரை கேட்கவில்லை.

இருட்டத் தொடங்கும்போது அந்தச் சுடர் பெரிதானது. தொலைவிலிருந்தும் தெரிந்தது, அடிவானத்தில் ஒரு ஆரஞ்சு நிறம் பரவி நின்றது. ஏதோ ஒரு யூனிட் நின்றிருக்கிறது, வாயுவை எரித்துத் தள்ளுகிறார்கள். என் கை சட்டைப் பையைத் தடவியது. நான் எழுந்து நின்றிருந்தேன் என்பதே எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

“ஒக்காருங்க,” என்றாள் அவள், சுடரைப் பார்த்தபடியே. “அது ஒங்களுக்கு இல்ல.”

உட்கார்ந்தேன்.

“போன் எங்க?” என்றேன் கொஞ்ச நேரம் கழித்து.

“அரிசி டப்பால கெடக்கு.”

“ஏன்?”

“அங்க வச்சா சத்தம் கேக்காது.”

சுடர் நெடுநேரம் எரிந்தது. அங்கே இப்போது யாரோ ஒருவன் எத்தனையாவது பிரிவு செல்லும் என்று யாரையோ கேட்டுக்கொண்டிருப்பான். யாரோ ஒருத்தி சட்டையை எடுத்து நாற்காலியில் போட்டிருப்பாள். நாங்கள் காப்பியின் அடியில் தேங்கிய சர்க்கரையைக் குடித்து முடித்தோம். அவள் எனக்கு முன்பே தூங்கிப்போனாள். அது எங்கள் வீட்டில் நடக்காத விஷயம்.

மறுநாள் மத்தியானம் பட்டாணியர் வரவில்லை. அரிசி டப்பாவைத் திறந்து போன் செய்தேன். அவருடைய வண்டியின் கியர்பாக்ஸ் பட்டறையில் இருந்தது. “கல், பாபுஜி. பக்கா.” நாளை, நிச்சயம். நான் இந்தச் செய்தியை மனைவியிடம் எப்படிச் சொல்வது என்று இரண்டு வாக்கியங்களைத் தயார் செய்துகொண்டு போனேன். உணவுக் கையிருப்பு, தண்ணீர்க் கையிருப்பு, மாற்று ஏற்பாடு. அவள் கேட்டுவிட்டு, கட்டிலுக்கு அடியிலிருந்து என் பட்டியலில் இல்லாத பருப்பையும், என் பட்டியலில் இல்லாத முருங்கைக்காயையும், என் பட்டியலில் இல்லாத இரண்டாவது தண்ணீர்ப் பெட்டியையும் எடுத்து வெளியே வைத்தாள்.

“மெதுவா வரட்டும்,” என்றாள். “அந்த ஆளு எழுத்துல ஒண்ணும் தரலேல்ல?”

“இல்ல.”

“அப்பச் சரி.”

இப்படியாக ஒரு ராத்திரி கேட்டவளுக்கு இரண்டு கிடைத்தது. இரண்டாவது ராத்திரி சுடர் தீக்குச்சியாகவே இருந்தது. நாங்கள் இருவருமே அதைச் சரிபார்த்துவிட்டுத்தான் படுத்தோம்.

ஏப்ரலில் டிரெய்லரைக் காயல்பட்டினத்துக்காரர் சொல்லி ஒரு எகிப்தியக் குடும்பம் வாங்கிக்கொண்டது. அந்த மனிதர் தன் பெரிய பிக்கப்பைப் பின்னால் எடுத்து, கொக்கியில் மாட்டி, சங்கிலி போட்டு, பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு, நான் எடைப் பட்டியலைக் கொண்டுவருவதற்குள் கிளம்பத் தயாராக இருந்தார். பட்டியலை நீட்டினேன். மிகுந்த மரியாதையோடு வாங்கி, மடித்து, வெயில் படாமல் இருக்க முன் கண்ணாடியில் செருகிக்கொண்டார். தெருமுனை திரும்பும்வரை மனைவி பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு வாளியை எடுத்து உள்ளே கொண்டுவந்தாள்.

அடுத்த மாதம் பெட்டி கட்டும் வேலை. கைத்தராசு மறுபடி அதன் உண்மையான உத்தியோகத்துக்குத் திரும்பியது. எங்கள் விசா ரத்தான அன்று, அதற்கான விண்ணப்பத்தைப் பதியும் தட்டச்சு நிலையத்திலிருந்து வெளியே வந்து, நிழல் பார்த்து நின்றோம். அங்கே நிற்கும்போது போன் ‘டிங்’ என்றது. துபாயிலிருந்து மின்னஞ்சல். தாமதத்துக்கு வருந்துகிறோம். தாங்கள் கேட்ட வாகனத்தின் இழுவை விவரங்களுக்கு வாகனக் கையேட்டைப் பார்க்கவும். மேலும் விளக்கம் தேவைப்பட்டால் தங்கள் விற்பனையாளரைக் கலந்தாலோசிக்கவும். தங்கள் டிக்கெட் மூடப்படுகிறது.

“யாரு?” என்றாள் மனைவி.

“கார் கம்பெனி. பதில் போட்டிருக்கான்.”

“இழுக்கலாமாமா?”

“கேட்டுப் பாக்கச் சொல்லியிருக்கான்.”

“யார?”

“அவனைத்தான்.”

அவள் தலையில் முந்தானையைப் போட்டுக்கொண்டு காரை நோக்கி நடந்தாள். வரும் கடிதம் எதுவானாலும் அது கிடைத்த நாளைக் குறித்துவைக்காமல் கோப்பை மூடக் கூடாது. இதுவும் நான் எழுதிய விதிதான். விசா ரத்தான காகிதத்தின் பின்பக்கம் வெறுமையாக இருந்தது. பேனாவை எடுத்துக் குறித்தேன்: பதில் கிடைத்தது, மே பதினான்கு, வியாழக்கிழமை.